கரும்புக்காட்டில் விழுந்தவனுக்கு ஒரு பூசை

பட்டினப்பாக்கத்துத் தனிஸ்லாஸை ராஜா அண்ணாமலைபுரத்தில் பலருக்கும் தெரியும். அங்கே ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் அவர்தான். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஐம்பதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. மனசில் பட்டதைச் சொல்லத் தயங்கவும் மாட்டார்.

எழுபத்தொன்றாம் வருஷப் போரில், மேற்கு எல்லையில் ஒரு கரும்புக்காட்டுக்குள் அவர் ஒருவனைச் சுட்டார். பத்தடி தூரத்தில் எதிரே வந்துவிட்ட பாகிஸ்தான் சிப்பாய். வாயில் கரும்பு, தோளில் துப்பாக்கி. அவன் கை துப்பாக்கிக்குப் போனது. தனிஸ்லாஸின் விரல் முந்திக்கொண்டது.

விடுப்பில் ஊருக்கு வந்ததும் மாதா கோயிலில் இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். "கூட இருக்கிறவங்களைக் காப்பாத்தப் போர்ல செய்தது கொலை ஆகாது" என்றார் அன்றைய பங்குச் சாமியார். தனிஸ்லாஸ் அதை அப்படியே நம்பினார். ஆனாலும் தன் கையால் போனவனுக்குத் தான் செய்ய வேண்டியது ஒன்று இருப்பதாகத் தோன்றியது. பேர் தெரியாது. அதனால் வருஷா வருஷம் டிசம்பரில் 'ஓர் ஆன்மாவின் இளைப்பாற்றிக்காக' என்று பூசைக்கு எழுதிக் கொடுத்துவந்தார். யாருக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

1999 ஜூலை. கார்கிலில் சண்டை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்றாட்டு வாசித்த பங்குப் பேரவைச் செயலாளர் சூசைநாதன், "எதிரிகள் பூண்டோடு அழிய மன்றாடுவோம்" என்றார். கோயிலே ஒரே குரலில் "ஆண்டவரே, கேட்டருளும்" என்றது. தனிஸ்லாஸ் வாயைத் திறக்கவில்லை. பூசை முடிந்ததும் நேரே கோயில் அலுவலகத்துக்குப் போய், டிசம்பருக்குக் காத்திராமல் அந்த வெள்ளிக்கிழமைக்கே பூசை கேட்டார். இந்தத் தடவை மறைக்காமல் எழுதினார்: 'நான் போரில் சுட்ட பாகிஸ்தான் வீரரின் ஆன்மாவுக்காக.'

சூசைநாதன் பதறிப்போனார். "இப்பப் போயா? ஜனங்க சும்மா இருப்பாங்களா?"

"இப்பதான் சார் வேணும்."

இப்போதிருந்த இளம் சாமியார் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "வெக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

சேதி குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலமே மீன் விற்கும் அந்தோணியம்மாள் தனிஸ்லாஸ் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் மகன் அருள் கார்கிலில் இருந்தான்.

"இன்னாண்ணே இது? எம்புள்ள உசுரைக் கையில புடிச்சிக்கினு கீறான். நீ அவனைச் சுடுறவனுக்குப் பூசை வெக்கிறியா?"

தனிஸ்லாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அருளு சுடணும் தங்கச்சி. சுடலன்னா பக்கத்துல கீறவன் பூடுவான். அதுல பாவம் இல்ல. செத்தவனைப் பார்த்துக் கை தட்டுறோமே, அதுதான் பாவம். அவனையும் ஆண்டவர்தானே படைச்சாரு?"

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்புள்ள யாரையாவது சுட்டிருந்தா, திரும்பி வந்து தூங்குவானாண்ணே?" என்று கேட்டாள்.

"நான் தூங்கல?"

"இவரு கொறட்டை பீச்சு வரைக்கும் கேக்குது!" என்றது உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல்.

அந்தோணியம்மாளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிப் பூசைக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். பூசை யாருக்காக என்று சாமியார் வாசித்ததும் அதிலும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர்களுக்கு வழிவிட்டு உள்ளே வந்த அந்தோணியம்மாள், கூடையை ஓரமாக வைத்துவிட்டு முழந்தாளிட்டாள். முடியும்வரை இருக்கவில்லை, மீன் காத்திருக்காது.

சூசைநாதன் கிறிஸ்துமஸ் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. தனிஸ்லாஸ் ஞாயிறுதோறும் அவருக்குத் தவறாமல் வணக்கம் வைத்தார்.

நவம்பரில் அருள் முழுசாக வந்து சேர்ந்தான். ஒரு வாரம் கழித்து ஒரு விடிகாலையில் தனியாகத் தனிஸ்லாஸைத் தேடி வந்தான். இருவரும் கடலோரமாக அடையாற்று முகத்துவாரம் வரை நடந்து போனார்கள். வெயில் ஏறின பிறகுதான் திரும்பினார்கள். என்ன பேசினார்கள் என்று தனிஸ்லாஸ் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே, "அருளுக்கும் சேர்த்துத் தோசை ஊத்து" என்றார்.