கஞ்சி வரிசை

வெள்ளைக்காரன் காலத்தைச் சமைத்துக் காட்டினால் பிள்ளைகள் மண்டையில் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் வாயைக் கொடுத்தவள் நான்தான். அந்தக்காலத் துரைமார் பங்களாவில் குடித்த மிளகுத்தண்ணி சூப்பை வைத்தபோது எங்கள் ஊர் கடமலைக்குண்டே மெச்சியது. அதோடு சும்மா இருந்தேனா? தாது வருஷப் பஞ்சத்துக்குக் கஞ்சித்தொட்டி வைக்கிறேன் என்று கிளம்பினேன்.

எங்கள் குடும்பம் அந்தப் பஞ்ச காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். "கஞ்சிக்குச் சேந்தவுகதானே" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விசுவாசத்தில் சேர்ந்தோம் என்று மல்லுக்கு நிற்பேன்.

அன்றைக்கு இண்டர்வெல்லில் பிஸ்கட், முறுக்கு எதுவும் கூடாது, பசி தெரியட்டும் என்று ஏழாம் வகுப்பிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். மத்தியானம் வராண்டாவில் கேப்பைக் கஞ்சி கொதித்தது. தம்ளரோடு வரிசை நின்றது. முதல் கரண்டியை மொள்ளுமுன் என் கை தானாக நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, சிலுவை போட்டுக்கொண்டது. பெரிய வெள்ளிக்குக் கோயிலில் கஞ்சி ஊற்றிப் பழகிய கை. போட்டது எனக்கே தெரியாது.

முன்னால் நின்ற மளிகைக்கடைக்காரர் மகள் அதைப் பார்த்து அப்படியே போட்டாள். பின்னால் நின்றதுகளும் ஒவ்வொன்றாகச் சிலுவை போட்டுத் தம்ளரை நீட்டின. நான் குனிந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால், மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அந்தக் கடைக்காரர் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"என்ன டீச்சர் நடக்குது இங்கன? சிலுவை போட்டாத்தேன் கஞ்சியா?"

அடி ஆத்தி! கரண்டியைக் கீழே போடவும் முடியவில்லை, ஊற்றவும் முடியவில்லை.

தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னலில் ஒரே தலைகள். அந்த வீடியோ ஊருக்குள் போனால் என் வேலை போச்சு. பழக்கதோஷம் என்றேன். "ஒங்க பழக்கம் எங்க பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரர். பாடம்தான் நடத்தினேன் என்றேன். "அப்பச் சொல்லிக் குடுத்துத்தேன் செஞ்சீகளா?" எலிப்பொறிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி.

கடைசியில் தலைமையாசிரியர் அந்தப் பிள்ளையையே கூப்பிட்டார்.

"டீச்சர் போடச் சொன்னாகளா, ஆத்தா?"

"அவுக ஒண்ணும் சொல்லல சார். பசிச்சுச்சு. கஞ்சி கிடைக்கணும்ல, போட்டேன்."

கடைக்காரர் மகளையே பார்த்தார். "அரை நாப் பசிக்கா?" என்றார். பிறகு போனில் அந்த வீடியோவை அழித்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

என் வேலை தப்பியது. வீட்டுக்கு வந்து குண்டானைக் கழுவும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனி எவராவது கஞ்சிக்குச் சேந்தவுகதானே என்று கேட்டால், ஆமா, பசிச்சுச்சு என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை.