வராதவர்களைக் கேட்டவர்

மணவூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது கஸ்தூரியின் தம்பி போன் செய்தார். "அக்கா தவறிட்டாங்க சார். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை. எங்கள் அமைப்பின் இந்த வருட ஆண்டறிக்கையை எழுதி முடித்துவிட்டு, அதைக் கஸ்தூரியிடம் காட்டப் பயந்து இரண்டு வாரமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். இனி காட்டவே முடியாது என்பது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் வேலையும் தெரியும். திருத்தணியில் ஒரு மாடி அறையில் இயங்கும் சிறிய அமைப்பு எங்களுடையது. மக்களுக்குத் தேவையான ஒன்றுக்காக அரசு உத்தரவு போடும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்பதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கொரு நினைப்பு. கேட்டதால் என்ன ஆயிற்று என்று பார்ப்பது கஸ்தூரியின் பொறுப்பு. விசைத்தறிக் குடும்பம், வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். எங்களுக்கு ஒரே வயது. என்னை 'நைனா' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'சார்'.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி உள்ளே போகிற ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஆஸ்பத்திரி மத்தியானத்தோடு மூடிவிடும். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைய கூலி போச்சு. மாலையிலும் டாக்டர் இருக்க வேண்டும் என்று மனுமேல் மனுவாகக் கொடுத்தோம். கடைசியில் உத்தரவு வந்தது. நான் பூரித்துப்போய், அதிகாரிக்குப் போர்த்த ஒரு சால்வையும் இனிப்பும் வாங்கி வந்துவிட்டேன். கஸ்தூரி இனிப்பை எடுத்துக்கொண்டார்.

"சால்வைய பீரோவுல வெய்யி நைனா. ஆடிக் கிருத்திகை போவட்டும்."

ஊரே மலைக்குத் திரளும் நாள் அது. ஆஸ்பத்திரி ஆட்களையும் கூட்டத்தைப் பார்க்க அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கும் மாலையில் கதவு திறந்திருந்தால்தான் உத்தரவு உயிரோடு இருக்கிறது என்பது அவர் கணக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது. காவடிகள் ஏறிய அந்த மாலையில் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். கதவில் பூட்டு தொங்கியது.

திருவிழா முடிந்த பிறகு ஒருநாள் நான் மாலையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். எல்லோரும் நல்லபடியாகச் சொன்னார்கள். வெற்றி வெற்றி என்று வந்து நின்றேன்.

"வந்தவங்கள கேட்டா நல்லாக்குதுன்னுதான் சொல்லுவாங்க. வராதவங்கள கேட்டியா?" என்றார்.

அவரே போய் டீக்கடையிலும் பம்புசெட்டு ஓரத்திலும் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். விஷயம் வெளியே வந்தது. டாக்டர் மாலையில் இருக்கிறார்; மாத்திரை கொடுக்கும் ஜன்னல் முன்னாடியே மூடிவிடுகிறது. சீட்டை வாங்கிக்கொண்டு மறுநாள் காலை மறுபடியும் வர வேண்டும். கூலி மறுபடியும் போகும். உத்தரவில் டாக்டரைக் கேட்டிருந்தோம், மாத்திரை கொடுப்பவரைக் கேட்க மறந்திருந்தோம். மறுபடியும் முதலிலிருந்து மனு.

அதுவும் நடந்தது. அடுத்த ஆடிக் கிருத்திகை அன்று மாலை டாக்டரும் இருந்தார், ஜன்னலும் திறந்திருந்தது. அதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். பீரோவிலிருந்த சால்வையை மாத்திரை கொடுக்கும் பெண்ணுக்குப் போர்த்தினோம். அவர் வெட்கப்பட்டு, அதைப் போர்த்தியபடியே அடுத்தவருக்கு மாத்திரை எண்ணினார்.

எங்களை ஆரம்பத்தில் விரட்டியடித்தவரும் அந்த அதிகாரிதான். கஸ்தூரி அவரைத் தேடிப்போய், "நெஜமா சொல்லுங்க சார், எங்களாலதான் நடந்துச்சா?" என்று கேட்டார். அவர் யோசித்து, "பாதி உங்களாலம்மா. பாதி எலெக்‌ஷன் வந்துச்சு" என்றார். அறிக்கையில் 'பாதி எங்களால்' என்றே எழுத வேண்டும் என்று கஸ்தூரி ஒற்றைக்காலில் நின்றார். இப்படி எழுதினால் பண உதவி செய்கிறவர்கள் கைவிட்டுவிடுவார்கள், அமைப்பே இருக்காது என்று கத்தினேன்.

"எல்லாம் நம்மாலன்னு எழுதினா, எது வேலை செஞ்சிதுன்னு நமக்கே தெரியாம பூடும் சார். அடுத்த தபா எதை வெச்சிகினு கேப்பீங்க?"

'சார்' வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னபடியே எழுதினோம். அமைப்பு இன்னும் இருக்கிறது.

போன வாரம் திருத்தணியில் அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தோம். இதைப் படிக்கும் உங்களில் பலர் வந்தீர்கள். ஓய்வு பெற்றுவிட்ட அந்த அதிகாரி வந்து கண் கலங்கினார். அந்த ஊர்ப் பெண்களுக்காக முன்வரிசையை ஒதுக்கியிருந்தேன். ஒருவர்கூட வரவில்லை. மேடையில் பேசும்போதெல்லாம் காலி நாற்காலிகள்தான் கண்ணில் பட்டன. யாருக்காக ஓடினாரோ அவர்களுக்கே நன்றி இல்லையே என்று மனம் கசந்தது. மறுநாள் விடியும்போது, "வராதவங்கள கேட்டியா?" என்று அவர் குரல் கேட்டது போலிருந்தது. ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போனேன்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மல்லிகா என்ற பெண் வாசலிலேயே நின்று பேசினார்.

"கூட்டம் இருக்குன்னு தெரியுமாம்மா?"

"ஆங், தெரியுங்க. சாயந்திரம் வெச்சிட்டீங்களே சார். அது டாக்டர் இருக்கிற நேரங்க. மாமியாருக்கு சுகர் மாத்திரை வாங்கணும், பையனுக்கு ஜுரம். எல்லாம் அங்கதான் இருந்தோம். அந்தம்மாவ நெனச்சி அங்கியே அழுதுகினு இருந்தோம்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "கஸ்தூரிம்மா இருந்தா அந்த நேரத்துல கூட்டம் வெச்சிருப்பாங்களா?"

வைத்திருக்க மாட்டார். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வந்தவர்களை மட்டும் கேட்டு எழுதிய என் ஆண்டறிக்கையைக் கிழித்துவிட்டு, வராதவர்களையும் கேட்டு மறுபடி எழுதப் போகிறேன். கஸ்தூரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காலி நாற்காலிகளைத்தான். அவர் வேலை பலித்ததற்கு அவற்றைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கப்போவதில்லை.