மாடியறை ஸ்பீக்கர்

காரிமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள மாங்கூழ் ஆலையில் கம்ப்யூட்டரில் இயந்திரங்களைக் கவனிக்கும் ஜாஸ்மினுக்கு, நாள் முழுவதற்குமான பேச்சு ஆலைக் கூடத்தில்தான். வாடகை அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. அதனால் பழம் நறுக்கும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து வேலை செய்வது அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்த சீசனில் அவளை மாடியிலிருந்த ஏசி ஆபீஸ் அறைக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் கீழே கூடத்திலேயே இருந்தது. திரை, கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே நீளக் கேபிளில் ஆலை எலெக்ட்ரீஷியன் மாதேஷ் மேலே கொண்டுவந்து சேர்த்தான்.

"இனி வேர்வையே இல்லீங்கக்கா. பொட்டி அங்க, மகாராணி இங்க" என்றான்.

"கூழ் பம்ப் சத்தம் மாறினா எனக்குத் தெரியணுமே. கீழ ஒரு மைக் மாட்டிக் குடு மாதேசு" என்று அவள் சாக்குச் சொன்னாள்.

மாட்டியதும் பம்பின் இரைச்சலோடு, பழம் நறுக்கும் கண்ணம்மாளின் குரலும் வந்தது. மேனேஜரின் நடையைக் கண்ணம்மாள் கேலி செய்ய, ஜாஸ்மின் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

மதியம் சோற்று டப்பாவோடு கீழே இறங்கினாள்.

"மேனேஜர் நடையப் பத்தி சொன்னீங்களே, சிரிச்சு வவுறே வலிக்குதுக்கா."

களி உருண்டையை வாய்க்குக் கொண்டுபோன கண்ணம்மாளின் கை நின்றது.

"மேல வரைக்கும் கேக்குதா?"

"எல்லாமே கேக்குது."

"அப்ப ஆபீசுக்கும் கேக்கும்."

"அங்க நான் மட்டுந்தானக்கா இருக்கேன்."

"நீயும் இப்ப ஆபீசுதான கண்ணு" என்றாள் கண்ணம்மாள், தட்டைப் பார்த்தபடி.

சாப்பிட்டு மேலே வந்ததும் ஜாஸ்மின் ஸ்பீக்கரை முழுதாகக் கூட்டி வைத்தாள். பம்ப் சீராக ஓடியது. கத்திகள் பலகையில் படும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. சாயங்காலம் வரை யாரும் பேசவில்லை.