தளபதி விடமறுத்த பதினோராம் அத்தியாயம்

ஐம்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே பியானோ சொல்லிக்கொடுத்த டீச்சர் பிலிப்பைன்ஸ்காரர். ஒரு கோடையில் அவருடைய அப்பா மகளோடு தங்க வந்தார். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், என் தோளுயரம்தான் இருப்பார். இருபது வயதில் ஸ்பெயின்காரர்களை எதிர்த்து இருநூறு பேரை நடத்திச் சென்ற தளபதி என்று டீச்சர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்தப் பெரியவருக்குத் தன் நினைவுகளை எழுதிவைக்க ஆசை. கை நடுக்கத்தால் பேனா நிற்கவில்லை. ஆகவே பள்ளி விட்டதும் நான் அவர்கள் வீட்டுக்குப் போய், அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது என்று ஏற்பாடாயிற்று. மூடுபனியில் தாள் நமுத்து, எழுத்து பரவும். அவர் கணப்பருகே தாள்களை ஒவ்வொன்றாகக் காயவைத்துக் கொடுப்பார்.

துப்பாக்கி முப்பதுதான் இருந்ததாம். மற்றவர்கள் கையில் வயல் கத்தி. மூங்கிலில் இரும்புக் கம்பியைச் சுற்றிப் பீரங்கி செய்தார்களாம். "இரண்டு முறை சுடலாம். மூன்றாவது முறை அது நம்மையே சுடும்" என்று சிரித்தார். நிலமெல்லாம் கத்தோலிக்க மடத்துச் சாமியார்கள் கையில் இருந்தது, குடியானவர்கள் வாடினார்கள் என்று அவர் சொன்ன அன்று என் விரல்கள் நின்றுவிட்டன. நான் கத்தோலிக்கப் பெண்.

"நானும் ஜெபமாலை சொல்கிறவன்தான் அம்மா. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சண்டைக்குப் போனேன். அடியுங்கள்" என்றார். அடித்தேன்.

என் கணவர் வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர். "சாயங்காலம் உனக்கு அங்க என்ன சோலி?" என்று முதலில் முகம் சுளித்தவர், பத்து நாளில் மாறிவிட்டார். வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னைக்கு என்னாச்சு? பாலத்த ஒடைச்சாங்களா இல்லையா?" என்பார்.

பதினோராம் அத்தியாயத்துக்கு வந்தோம். அன்று அவர் கணப்பருகே உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார். அவர்கள் ஒளிந்திருந்த இடம் எதிரிக்குத் தெரிந்துவிட்டது. ஆற்றில் படகு ஓட்டி அவர்களுக்கு அரிசி கொண்டுவந்த ஒருவன்மேல் சந்தேகம் விழுந்தது. அவன் இல்லை இல்லை என்று அழுதான். இவர்தான் சுடச் சொன்னார். ஒரு மாதம் கழித்து உண்மையான துரோகி அகப்பட்டான். படகுக்காரன் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

"அவன் பெயரையும் ஊரையும் போடுங்கள். உத்தரவிட்டவன் நான் என்றும் போடுங்கள்."

தேநீரோடு வந்த டீச்சர் கதவருகிலேயே நின்றுவிட்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, தணிந்த குரலில் சொன்னார்: "அந்தப் பக்கங்களை எடுத்துவிடுங்கள். அப்பாவுக்குக் கண் சரியில்லை, தெரியாது. அவரை ஊரே கொண்டாடுகிறது."

தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவரிடம் சொன்னேன்.

"தன் தப்ப அந்த மனுசன் தானா ஒத்துக்கிறாரு. அத மறைக்க நீ யாரு? வெள்ளனே போயி அந்தம்மாகிட்டயே சொல்லிரு" என்றார்.

காலையில் பள்ளி மணி அடிக்குமுன் டீச்சரிடம் போனேன். "அவர் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாதுங்க. நீங்களே ஒருமுறை படிச்சுப் பாருங்க" என்று தாள்களைக் கொடுத்தேன். அவருக்குக் கோபம். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாலையில் போனபோது அந்தப் பக்கங்கள் பத்தாம் அத்தியாயத்துக்குக் கீழே ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. டீச்சரின் கண் சிவந்திருந்தது. "அப்பா, அந்தப் படகுக்காரருக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"ஒரு தங்கை இருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை" என்றார் கிழவர்.

நாட்டுக்காகச் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாலை போட்டு வரவேற்றும் இருக்கிறேன். தன்னைக் குற்றவாளிக் கூண்டில் தானே ஏற்றிக்கொண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

மழை தொடங்குமுன் அவர் ஊருக்குப் புறப்பட்டார். என் கணவரின் பஸ்தான். அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, பெருமாள்மலையில் பஸ் நின்றபோது காப்பி வாங்கிக் கொடுத்ததை என் கணவர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலைந்து மாதத்தில் டீச்சருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அந்தத் தங்கை உயிரோடிருந்தாள். அவர் அவள் வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, அவளுடைய பேத்தியைவிட்டு முழு அத்தியாயத்தையும் அவர்கள் மொழியில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அண்ணன் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது, திருத்துங்கள்" என்று மட்டும் சொன்னாளாம்.

சரியான எழுத்தைக் கடிதத்தின் அடியில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அன்று மாலையே என்னிடமிருந்த கார்பன் நகலைப் பார்த்து அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்து, மூன்று முறை சரிபார்த்து, தபாலில் சேர்த்தேன்.