முத்துராக்கு வைத்த நிறங்கள்

முத்துராக்கு தவறிவிட்டார் என்று அவருடைய தம்பி முனியசாமி போனில் சொன்னபோது, ராமேசுவரத்தில் ஒரு கல்யாணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே வந்து திரும்பக் கேட்டேன். "அக்கா போயிருச்சுண்ணே" என்றான். கல்யாண வீட்டில் சாவுச் செய்தியை யாரிடம் சொல்வது? வாயை மூடிக்கொண்டு உள்ளே போய், தாலி கட்டுவது வரை எடுத்து முடித்தேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்னைப் போலத் தனியாக நின்றவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து சாப்பிட்டு வருகிறேன் என்று கமுதிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர் அவர். மறுநாள் நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பும்போது முனியசாமி ஒரு படத்தைக் கொடுத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிதாக்கி மாலை போட வேண்டுமாம். "இருக்கிறது இது ஒண்ணுதேன். கலரை மட்டும் சரி பண்ணிக் குடுங்கண்ணே" என்றான். எங்கள் ராமநாதபுரம் கலர் லேபில் வருடக்கணக்காக ஊராரின் கலரைச் சரி பண்ணியவர் முத்துராக்கு. அவருடைய கலரைச் சரி பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிளகாய் வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் போன பிறகு, தம்பியைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு டவுனில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வந்தார். நான் வெளியில் படம் எடுப்பவன். அவர் உள்ளே போட்டோ பிரிண்டர் முன்னால் உட்காருபவர். சன்னல் இல்லாத ஏசி அறை. மானிட்டரில் வேறு வெளிச்சம் விழக் கூடாது என்று வாசலிலும் கறுப்புத் திரை. விடிந்தும் விடியாமல் வந்து, இருட்டிய பிறகு போவார்.

மெஷின் வந்த புதிதில் எல்லா முகமும் ரோஸ் பவுடர் அப்பியது மாதிரி வந்தது. "இந்த மிசின் நம்ம ஆளுகளப் பார்த்ததே இல்லண்ணே. நாமதேன் பழக்கணும்" என்றார். மெஜந்தாவில் ஒரு புள்ளி குறைப்பார், மஞ்சளில் ஒரு புள்ளி ஏற்றுவார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்சிட்டியைத் தொட்டும் தொடாமலும் நகர்த்துவார். சின்னத் துண்டாக அடித்து, டீக்காரர் முகத்துக்கும் என் முகத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தன் முகத்துக்குப் பக்கத்தில் ஒருநாளும் வைத்ததில்லை. நான் கேமராவைத் தூக்கினாலே எழுந்து போய்விடுவார். "நீங்க இருட்டாக்கிக் கொண்டாருவீக, நான் வெளிச்சம் போடணும். நல்ல பொழப்புண்ணே" என்று என்னைக் கேலி செய்வார்.

வரன் பார்க்கப் பெண்ணைப் படம் எடுக்க வருகிறவர்கள் "கொஞ்சம் கலர் கூட்டிப் போடுங்க" என்பார்கள். "யாருக்குக் குடுக்கப் போறீக?" என்று கேட்பார். வீட்டு ஆல்பத்துக்கு என்றால் கேட்டபடி கூட்டுவார். மாப்பிள்ளை வீட்டுக்கு என்றால் ஒரு புள்ளிகூட நகர்த்த மாட்டார். ஏன் இந்த வீம்பு என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். அவர் சிரித்தார். வேறெங்கோ ஒரு ஸ்டூடியோவில் அவரையும் வெளுப்பாக்கித்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அவுக படத்தப் பார்த்துட்டு வந்தாக. என்னையப் பார்த்துட்டுப் போயிட்டாக" என்றார். முனியசாமி என்னிடம் கொடுத்தது அந்தப் படத்தைத்தான்.

பிறகு ஒரு நாள் காரங்காட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவரின் பழைய படம், சாயம் போய் ஒரே சிவப்பாகக் கிடந்தது. "மனுசன் இப்படி ரத்தமா நிக்கிறதப் பார்த்தா வயிறு எரியுது" என்றார். முத்துராக்கு அவரை உள்ளே அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "மொகத்த விடுங்கக்கா. சட்டை என்ன கலரு?"

"மயில் கழுத்துக் கலரு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

சட்டை மயில் கழுத்துக்கு வரும்வரை முத்துராக்கு விடவில்லை. அது சரியானதும் முகமும் கூடவே தெளிந்து வந்தது. "இவுகதான்!" என்று அந்த அம்மா படத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் போன பிறகு முத்துராக்கு தோதுப்படாத துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். பிறகு, "இப்படி நம்ம கலர ஞாபகம் வச்சிருக்க ஒரு ஆளு வேணும்ண்ணே" என்றார். நான் ஏதோ தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

காரியத்துக்கு முந்தின நாள் முனியசாமி கடைக்கு வந்தான். வெளுப்பை நான்கு விதமாகக் குறைத்து நான்கு படம் அடித்து வைத்திருந்தேன். சேலை என்ன நிறம் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. "சரி, இதுல எதுப்பா அக்கா?"

நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "தெரியலண்ணே. நான் சிங்கப்பூரு போயி வருசக் கணக்காச்சு. வந்து பார்க்கையில மொகம், கண்ணு எல்லாம் மஞ்சளாக் கெடந்துச்சு. கண்ண மூடுனா அதுதேன் வருது. நீங்க கூடவே இருந்தவுக, நீங்க சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்ல? என் நினைவில் இருந்தது மானிட்டர் வெளிச்சம் விழுந்த ஒரு முகம். ஒருநாள்கூட அவரை வெயிலில் பார்த்ததில்லை. எனக்கும் தெரியவில்லை என்றேன். அவன் நான்கு படங்களையும் ஒன்றாக அடுக்கிக் கவிழ்த்து வைத்தான்.

கடைசியில் அவன்தான் சொன்னான்: "கலரே வேணாம்ண்ணே. கறுப்பு வெள்ளையாவே போட்டுருங்க."

கலர் மெஷினில் கறுப்பு வெள்ளை அடிப்பது லேசில்லை. கொஞ்சம் அசந்தால் பச்சை ஏறும். அதைக் குறைத்தால் ஊதா அடிக்கும். மதியம் முழுக்க அந்த அறையில் ஒற்றையாளாக அதோடு மல்லுக்கட்டினேன். போதுமா என்று கேட்க ஆளில்லை. ஒரு நிறமும் ஒட்டாத படம் ஒன்று கடைசியில் வந்தது. முனியசாமி அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கமுதி பஸ்ஸில் ஏறினான்.

முத்துராக்கும்மா, நீங்கள் கேட்ட அந்த ஓர் ஆள் உங்களுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே இருந்தும் அது நானாக இல்லை. போய் வாருங்கள்.