ஆறாவது கையெழுத்து

முப்பத்தோரு வருஷம் அம்மான் நகரத்துக்கும் அகபா துறைமுகத்துக்கும் இடையே லாரி ஓட்டிய முஃபீத் பார்த்ததெல்லாம் முன்னால் போகும் லாரியின் பின்கதவைத்தான். மலை, பாலைவனம், கடல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் கண்ட கடல் துறைமுகச் சுவருக்கு மேலே தெரிந்த ஒரு சாண் நீலம். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஓர் ஆசை வந்து ஒட்டிக்கொண்டது: மேலேயிருந்து இந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது, பார்க்க நினைப்பதையெல்லாம் சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், கடைக்குப் போய் கேமரா வைத்த ஒரு சின்ன ட்ரோன் வாங்கிவிட்டார்.

“இந்தச் சின்னதுக்கெல்லாம் பேப்பர் ஒண்ணும் வேணாம், அபூ ஸாமிர். பொம்மை மாதிரிதான்,” என்றான் கடைக்காரன். மூத்த மகன் பெயரைச் சேர்த்து ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. சொன்ன அன்றைக்கு அது உண்மைதான். பத்தே நாளில் மாறிவிட்டது.

அதற்குப் பிறகு பட்ட அலைச்சலை என்னவென்று சொல்ல? பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவுக்குப் போனால் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். சான்று வாங்கிக்கொண்டு போன அன்று படிவமே மாறியிருந்தது. பதிவு ஆபீஸின் மூன்றாவது ஜன்னலில் இருந்த பெண்ணுக்கும், பாவம், சலித்துப்போயிருந்தது. “பெரியப்பா, எனக்கே காலையிலதான் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்றவள் கடைசியாக ஒரு காகிதத்தை நீட்டினாள். கட்டடத்தில் இருக்கும் மற்ற ஆறு வீட்டாரும் ஆட்சேபம் இல்லை என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஐந்து வீட்டில் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டாம் மாடி உம்மு வாஸிஃப் நேருக்கு நேராகவே கேட்டாள்.

“நான் மொட்டமாடில துணி காயப்போடறப்ப உங்க மெஷின் எங்க நிக்கும்?”

“அப்ப பறக்காதும்மா.”

“எம் பொண்ணுங்க தலைல துணி இல்லாம நிக்கறப்ப?”

“அப்பவும் பறக்காது.”

“அப்ப எப்பதான் பறக்கும்?”

“அதைத்தான் நானும் ஆபீஸ்ல கேட்டுக்கிட்டிருக்கேன்.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

ஆறாவது, கீழ்த்தளத்து ஸுஹ்தி. அங்கே போவதை முஃபீத் கடைசிவரை தள்ளிப்போட்டிருந்தார். ஸுஹ்தி மாடியில் கூடு வைத்துப் புறா வளர்த்துப் பறக்க விடுகிறவன். புறாக்காரன் சாட்சி கோர்ட்டில் செல்லாது என்பது ஊர்ப் பேச்சு. தன் மாடியில் வந்து இறங்கிய அடுத்தவன் புறாவைத் தன்னுடையதென்று சத்தியம் செய்வானாம். நாள் முழுக்க மாடியில் நின்று பெண்கள் இருக்கும் வீடுகளை எட்டிப் பார்ப்பானாம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்து மாடியில்தான் அவன் கூடு இருந்தது. அதை எடுக்கச் சொல்லி நகராட்சிக்கு எழுதிய மனுவில் முதல் கையெழுத்து முஃபீத்துடையது. விசாரிக்க வந்தவனிடம் ஸுஹ்தி, “நான் யார் வீட்டையும் பாத்ததில்ல, என் கண்ணு புறா மேலதான் இருக்கும்,” என்றான். “புறாக்காரன் பேச்சை நம்பச் சொல்றியா?” என்று எல்லார் முன்னாலும் சிரித்தவரும் முஃபீத்தான். கூடு போயிற்று. குன்றின் உச்சியில் மச்சான் வீட்டு மாடிக்குப் புறாக்களைக் கொண்டுபோன ஸுஹ்தி, அன்றிலிருந்து தினமும் நூற்றெழுபது படி ஏறி இறங்குகிறான்.

முஃபீத் நீட்டிய காகிதத்தை ஸுஹ்தி கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தான்.

“என் கையெழுத்தையா கேக்கறாங்க?”

“ஆமா.”

“புறாக்காரன் பேச்சு செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப மட்டும் செல்லுமா?”

முஃபீத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அன்னிக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது,” என்றார் கடைசியில்.

ஸுஹ்தி உள்ளே போய்ப் பேனாவைத் தேடி எடுத்து வந்தான். காகிதத்தைக் கதவில் வைத்து, தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். “ஒத்துக்கிட்டாங்களான்னு வந்து சொல்லுங்க,” என்றான்.

மறுநாள் மூன்றாவது ஜன்னலில் அந்தப் பெண் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. புது விதி வரும்வரை நகரத்துக்குள் யாருக்கும் அனுமதி கிடையாது என்று காலையில்தான் உத்தரவு வந்ததாம்.

“புது விதி எப்பம்மா வரும்?”

“தெரியல பெரியப்பா. வீட்டுக்குப் போய்ப் படுங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. கட்டட வாசலில் ஸுஹ்தி நின்றுகொண்டிருந்தான்.

“என்னாச்சு? என் கையெழுத்தைப் பாத்தாங்களா?”

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “ஒத்துக்கிட்டாங்க,” என்றுவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ரொட்டிக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் ஸுஹ்தி சொல்லிவிட்டான், அரசாங்க ஆபீஸில் தன் கையெழுத்து செல்லுபடியாகிவிட்டதென்று. பிறகு மாடியேறி முஃபீத் வீட்டுக்கு வந்தான். “வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் பறக்க விடுங்க. அன்னிக்கு என் புறாவெல்லாம் அடைச்சு வெச்சிடறேன். ரெண்டும் மோதிக்கக் கூடாதில்ல.”

முதல் வெள்ளிக்கிழமை காற்று அதிகம் என்றார் முஃபீத். இரண்டாவது வெள்ளிக்கிழமை பேட்டரி சரியில்லை என்றார். “பொய் சொல்லிப் பழக இந்த வயசுதான் கெடச்சுதா?” என்றாள் மனைவி ஹயாத்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்க் குன்றுகளில் மற்றவர்களின் புறாக்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தங்கள் குன்றின் உச்சியில், ஸுஹ்தியின் கூட்டுக்கு மேலே மட்டும் வானம் காலியாகக் கிடந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

நூற்றெழுபது படி. மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இதைத்தான் பதினெட்டு வருஷமாக அந்த ஆளை ஏற வைத்திருக்கிறோம் என்ற நினைப்பு கால்வலியைவிட அதிகமாக வலித்தது.

“கூட்டைத் தொறந்து விடுங்க, ஸுஹ்தி. ட்ரோன் பறக்காது. அன்னிக்கே எல்லாருக்கும் தடை போட்டுட்டாங்க.”

“என் கையெழுத்து?”

“பாக்கவே இல்ல. பேப்பரைக் கையிலயே வாங்கல. நான்தான் பொய் சொன்னேன்.”

ஸுஹ்தி கூட்டின் பக்கம் திரும்பினான். “ஊர்ல பொய்க்காரன்னு பேரு எனக்கு,” என்றான். பிறகு கூட்டின் கதவைத் திறந்தான். “சுவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது.”

புறாக்கள் மேலே போகவில்லை. சுவரைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கின. முஃபீத் குனிந்து பார்த்தார். இத்தனை வயதில் புறாவின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறார். இன்றுதான் முதுகைப் பார்க்கிறார். வெள்ளை, சாம்பல், பழுப்பு, எல்லாவற்றின் மேலும் வெயில். கூட்டம் ஒன்றாகத் திரும்பியது, கலைந்தது, மறுபடி சேர்ந்தது. அதற்கும் கீழே ஊர் மாடிகள், அவருடைய கட்டடத்து மாடி. அங்கே யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸுஹ்தி பக்கத்தில் வந்து நின்றான்.

“உங்க மாடில யார் நிக்கறாங்க, தெரியுதா?”

“பாக்கல,” என்றார் முஃபீத், புறாக்களை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“அன்னிக்கு நானும் அதைத்தான் சொன்னேன்,” என்றான் ஸுஹ்தி.