அப்பாவின் முழுப்பெயர்

வத்தல் மிளகாய் மூட்டையைப் பிரிக்கும்போது ஒரு நெடி வருமே... திருவனந்தபுரம் சாலை பஜாரில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், அப்புறம்தான் விலை கேட்பார்கள். அந்த நெடிக்குள்தான் நான் வளர்ந்தேன். கல்லாவில் அப்பா. பஜார் முழுக்க அவர் 'மணி அண்ணாச்சி'.

அது அவர் பெயரே இல்லை என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நிஜப் பெயர் மடைகாத்தான். வைத்தவர் அவருடைய தாத்தா சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து நடந்தே திருவனந்தபுரம் வந்து, சாலை பஜாரில் மூட்டை சுமந்து, இங்கேயே கல்யாணம் செய்து, கடைசியில் ஒரு வத்தல் கடை போட்டவர். பேரன் பிறந்ததும் யாரையும் கேட்காமல் அந்தப் பெயரை வைத்திருக்கிறார். அப்பா கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர்ப் பேச்சை அவர் வீட்டில் எடுத்ததே இல்லையாம். ஏன் அந்தப் பெயர், எது சொந்த ஊர்... ஒன்றும் யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் மலையாளப் பிள்ளைகள் அப்பாவை 'மடியன்' என்றார்களாம். சோம்பேறி என்று அர்த்தம். தமிழ்ப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? 'மடையன்' என்றார்கள். படிப்பை விட்டுக் கடைக்கு வந்த அன்றே அப்பா 'மணி' ஆகிவிட்டார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்போது ஸ்டாச்சு ஜங்ஷனில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை. பத்திரிகை அடிக்க அப்பாவும் நானும் அச்சகத்துக்குப் போனோம்.

"மேல குலதெய்வம் பேரு என்ன போடணும்?" என்று அச்சகக்காரர் கேட்டார்.

அப்பாவுக்கு அது தெரியாது. என்னைப் பார்க்காமல், "முருகன் துணைன்னு போட்டா மதி" என்றார். 'போதும்' என்பதற்கு அவர் வாயில் மலையாள 'மதி'தான் வரும்.

ஆனால் பெற்றோர் பெயர் விஷயத்தில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மகள் கல்யாணத்தில் பொய்ப் பெயர் கூடாது என்று சொல்லிவிட்டாள். முதல் தடவையாக அப்பாவின் முழுப்பெயர் அச்சில் வந்தது.

கடையில் அதை எடுத்துப் படித்தவர், எங்களுக்கு வத்தல் லோடு கொண்டுவரும் லாரி டிரைவர் ஆறுமுகம் அண்ணன்.

"அண்ணாச்சி! ஒங்க பேரு மடைகாத்தானா? இத்தன வருசமா லோடு எறக்குதேன், ஒரு வார்த்த சொல்லலியே! சாத்தான்குளத்துப் பக்கம் மடைகாத்த சாஸ்தா கோயில் இருக்கு. அந்தச் சாமியக் கும்பிடுத குடும்பம் தவிர இந்தப் பேர வேற எவனும் வைக்க மாட்டான்."

அப்பா அப்படியே நின்றார். கையிலிருந்த வத்தலைத் தராசில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"பங்குனி உத்திரத்துக்கு வாங்க. எங்க இருக்கவனும் அன்னைக்குத் தன் சாஸ்தாவத் தேடி வந்துருவான்" என்றார் ஆறுமுகம் அண்ணன்.

வீட்டில் அப்பா தயங்கினார். "அங்க போயி, நீங்க ஆருன்னு கேட்டா நான் என்ன பறயட்டும்? வேற ஒருத்தரோட சாமிய நம்ம சாமின்னு சொல்லிட்டு நிக்க ஒக்குமா?"

அம்மா புளிசாதம் கட்டினாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

நாகர்கோவிலில் பஸ் மாறி, சாத்தான்குளத்தில் இறங்கி, ஆறுமுகம் அண்ணனோடு ஆட்டோவில் போனோம். ஒரு இடத்துக்கு மேல் ஆட்டோ போகவில்லை. சிவப்பு மணல், கணுக்கால் வரை புதைகிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். குளத்தங்கரையில் சின்னக் கோயில். சுற்றிலும் பனைமர நிழலில் குடும்பம் குடும்பமாகப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. எங்களைத் தவிர...

அப்பா ஒரு பனை ஓரமாக ஒதுங்கினார். அப்போது எங்கிருந்தோ ஒரு குரல்.

"ஏல மடைகாத்தான்! தண்ணிக் கொடத்த எடுத்துட்டு வா!"

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் மட்டுமா? ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள்! நரைத்த மீசை ஒன்று, காலேஜ் பையன் ஒருத்தன், இடுப்பில் குழந்தையோடு ஒருவர்... அப்பா அவர்களைப் பார்த்தார். அவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன்.

குரல் கொடுத்தவர் லிங்கதுரை. அப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவர். பக்கத்தில் வந்து, "யாரைத் தேடுதிய?" என்றார்.

"ஆரையும் இல்ல... சும்மா..." என்று அப்பா இழுத்தார். நான்தான் சொன்னேன். சுடலைமுத்து, வத்தல் கடை, திருவனந்தபுரம்.

அவர் முகம் மாறியது. "அவருக்கு எடது கையில ஒரு விரலு பாதிதான இருக்கும்? கெணத்துல மாடு கட்டிக் கமலை இறைக்கையில கயித்துல மாட்டி நசுங்குன கை."

கடைச் சுவரில் சுடலைமுத்து தாத்தா படம் இருக்கிறது. நாற்காலிக் கையில் வைத்த இடது கையில் ஒரு விரல் குட்டையாக இருக்கும். படம்தான் அந்த இடத்தில் அழிந்துவிட்டது என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம்!

"எங்க தாத்தாவுக்குத் தம்பி அவரு. மழை இல்லாம கெணறெல்லாம் வத்திப்போச்சு. மழை பெஞ்சதும் வாரேன்னு மலையாளத்துக்குப் போனவரு, வரல. தாத்தா வருசா வருசம் இங்க தம்பிக்குன்னு ஒரு பானை தனியாப் பொங்குவாராம். நாங்களும் விடல. ஆளு இல்லாததால பிள்ளைகளுக்குக் கொடுத்துருவோம்." அப்பாவின் கையைப் பிடித்தார். "இன்னைக்கு ஆளு வந்தாச்சுல்லா!"

பனையோலைப் பட்டையில் சர்க்கரைப் பொங்கல். அப்பா ஒரு வாய் வைத்தார். கண் நிறைந்துவிட்டது. "ஒந்நுமில்ல, சூடு" என்றார். சுற்றி நின்ற பெண்கள், "மலையாளம் பேசுதாவ!" என்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் அதுவரை பார்க்காத சிரிப்பு அது.

மிச்சமிருந்த பத்திரிகைகளில் 'மடைகாத்த சாஸ்தா துணை' என்று அப்பாவே பேனாவால் எழுதினார். கல்யாணத்தன்று வலியசாலை மண்டபத்துக்கு ரெண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். என் பக்கம் ஆட்கள் குறைவு என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த அம்மா, பாயசம் தீர்ந்துபோனதற்கு ஓடிக்கொண்டிருந்தாள். முகத்தில் என்ன ஒரு பெருமை!

இப்போது கோயிலுக்குப் பக்கம் வரை தார் ரோடு. கோயிலுக்குள் டைல்ஸ் போட்டாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப்பும் உண்டு. லிங்கதுரை பெரியப்பா இப்போது உயிரோடு இல்லை.

அப்பாவுக்கு மூட்டு வலி. இந்தப் பங்குனிக்குக் காரிலிருந்து இறங்கி, மிச்சமிருக்கும் கொஞ்ச மணலைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்" என்றார். பெரியப்பாவின் பேரன்கள் கேட்கவில்லை. பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, நாலு பக்கமும் பிடித்து, அப்படியே தூக்கிவிட்டார்கள்.

"அய்யோ, விடுங்கடா! வீழும், வீழும்!" என்று அப்பா கத்துகிறார். பையன்கள், "பேசாம இரும் தாத்தா, மாப்பிள்ளை ஊர்வலம்லா!" என்கிறார்கள். வழியெல்லாம் ஆட்கள் அவரிடம் நலம் விசாரிக்கிறார்கள். அவரும் ஒரு கையால் சேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு போகிறார்...

அன்றைக்கு யாரையும் தெரியாமல் நடந்த அதே மணல்தான். நானும் அம்மாவும் பின்னால் வந்துகொண்டிருந்தோம். ரொம்பப் பின்தங்கிவிட்டோம். சிரித்துச் சிரித்து நடக்க முடியவில்லை.